ஒருவர்கூட விலக்குக் கேட்கவில்லை

எங்கள் பகுதியின் ரிசர்வ் போர் விமானப் படைப்பிரிவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். போன வாரம் ராண்டி குவாம் அதன் அச்சுப்படியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். நல்ல பையன், பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. அவன் அப்பா வெர்லினும் அந்தப் படைப்பிரிவில் விமானியாக இருந்தவர்தான்.

"மிஸஸ் ஸ்லெட்டன், இந்த இடத்தை மட்டும் படிச்சுப் பாருங்க. எனக்கே எழுதும்போது கண்ணு கலங்கிடுச்சு" என்று ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினான்.

படித்தேன். 1950இல் கொரியப் போருக்கு அழைப்பு வந்தது. விவசாயிகளும் கடைக்காரர்களும் ஆசிரியர்களுமான அந்த விமானிகளிடம், யாருக்காவது வீட்டில் இக்கட்டு இருந்தால் போகாமல் இருந்துகொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. ஒருவர்கூட விலக்குக் கேட்கவில்லை. கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தான்.

"சரியா இருக்கா?" என்று கேட்டான்.

"உண்மைதான். ஆனா சுத்த அபத்தம்" என்றேன்.

பாவம், அவன் முகம் விழுந்துவிட்டது. அடுத்த பக்கத்திலேயே என் கணவனின் படம் இருக்கிறது. லெப்டினன்ட் நார்வல் ஸ்லெட்டன். 1951 பிப்ரவரியில், கொரியாவில் ஏதோ ஒரு மலைப் பள்ளத்தாக்கில் தாழப் பறந்தபோது கீழிருந்து சுட்டார்கள். விமானம் மேலே எழும்பவே இல்லை. அவன் திரும்பி வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்து உங்களை அழவைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. எனக்கு எழுபத்தேழு வயதாகிறது, அவனுக்கு இன்னும் இருபத்தொன்பதுதான். அதனால் 'அவன்' என்றே சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ராண்டியிடம் அன்றைக்கு நான் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். புத்தகத்தில் அவன் சேர்ப்பானா என்று தெரியாது.

இந்தப் படைப்பிரிவை இங்கே வளர்த்தவர் மேஜர் ஆர்வில் ட்வெய்ட். பசிபிக் போரில் பறந்துவிட்டு வந்து, எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு மேலாளர் ஆனவர். தினமும் வெண்ணெயின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு வானம் மறக்கவில்லை. மினியாபோலிஸ் பக்கத்துத் தளத்தில் போரில் மிஞ்சிய கார்சேர் விமானங்கள் சும்மா நின்றன. சிறகு நடுவில் ஒடிந்தமாதிரி வளைந்திருக்குமே, அந்த நீல விமானங்கள். அவற்றை ஓட்ட ஆள் வேண்டும். யார் யார் போரில் விமானம் ஓட்டியவர்கள் என்பது ட்வெய்டுக்குத் தெரியும். பாதிப் பேர் அவருடைய சங்கத்தில் பால் ஊற்றுகிறவர்கள், மீதிப் பேர் அவர் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்கள்தானே.

1947 வசந்தத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுக்களை மேஜையில் உட்கார்ந்தார். நான் காபி வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன், சிரமப்பட வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை கேட்டேன், "சரி, கொதிச்சது வீணாகப்போகுதேன்னா ஒரு வாய்" என்றார். ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். முதல் தடவை கேட்டதுமே 'கொடு' என்றால் அலைகிறவன். இரண்டாம் தடவை கேட்டால் மரியாதைக்குக் கேட்கிறார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான் நிஜமாகவே கேட்கிறார்கள். ராண்டியின் மனைவி சிகாகோக்காரி, அவளுக்கு இது பிடிபடவே இல்லை. அவள் வீட்டுக்குப் போய் ஒரு தடவை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, தொண்டை காய்ந்து திரும்பி வந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி.

ட்வெய்ட் ஒரு வாய் குடித்துவிட்டு நார்வலைப் பார்த்தார்.

"மாசத்துல ஒரு சனி ஞாயிறு. வந்து ஓட்டிட்டுப் போகவேண்டியதுதான். என்ன சொல்ற?"

"ஐயோ, நமக்கெதுக்கு மேஜர் அதெல்லாம்? மாட்டைப் பாக்கவே நேரம் பத்தல" என்றான் நார்வல்.

ட்வெய்ட் தலையாட்டினார். வைக்கோலைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், யாரோ ஒருவரின் கன்றுக்கு வந்த கழிச்சலைப் பற்றிப் பேசினார். பிறகு, "கார்சேர் அங்க சும்மா நிக்குதுப்பா. தூசி படிஞ்சு" என்றார்.

"என்னைவிட நல்ல ஆளாப் பாருங்க மேஜர். நான் மறந்தே போயிட்டேன்."

அவ்வளவுதான், எழுந்துவிட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, திரும்பாமலே, "அப்ப நிச்சயமா வேணாம்ங்கிற?" என்றார்.

"நீங்க இவ்வளவு தூரம் வந்து சொல்றப்ப..." என்றான் நார்வல். காது இரண்டும் சிவந்துவிட்டன. மனசில் இருப்பது வெளியே வரப்போகிறது என்றால் அவனுக்கு முதலில் காதுதான் சிவக்கும். என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அப்படித்தான்.

மூன்று தடவை அவனைக் கேட்டார். ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, ட்வெய்டைப் புதைத்து இருபது வருஷமான பிறகும் இருக்கிறது.

ஆனால் அந்த மூன்று வருஷம் அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதையும் மறைக்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடு கறக்கும்போதே சீழ்க்கை அடிக்க ஆரம்பித்துவிடுவான். வெர்லின் குவாம் பள்ளிக்கூட பாண்டு வாத்தியார், ஹார்லன் பியர்க்கே தீவனக் கடைக்காரன், நாலு பிள்ளைக்குத் தகப்பன். மூன்று பேரும் ஹார்லனின் வண்டியில் கிளம்பிப் போவார்கள். தளத்தில் இருந்த நிரந்தரப் படைக்காரர்கள் இவர்களைப் 'பால்காரப் படை' என்று கேலி செய்வார்கள். ஒரு தடவை நார்வல் பூட்ஸில் சாணியோடு விமானத்தில் ஏறிவிட்டான். உள்ளே சூடு ஏற ஏற நாற்றம் தாங்காமல் திரும்பி வந்து இறங்கிவிட்டான். ஹார்லன் அதை ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"டேய் நார்வல், எதிரி உன்னைக் கண்ணால தேடவேண்டியதில்ல, மூக்காலயே புடிச்சுடுவான்!"

எங்கள் பண்ணைமேல் தாழப் பறப்பது நார்வலுக்கு ஒரு கொழுப்பு. சிறகை ஆட்டிக் காட்டுவான், நான் துணி காயப்போட்டுக்கொண்டே கையாட்டுவேன். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மாடும் சரியாகப் பால் விடாது. திங்கட்கிழமை சங்கத்தில் பால் குறைந்ததற்குக் காரணம் கேட்பவர் யார்? அதே ட்வெய்ட்தான். நார்வல் கேனைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அவரும் சிரிக்காமல், "மாட்டுக்கு ஏதோ பயம்போல" என்பார். இப்படித்தான் இருந்தது எங்கள் படைப்பிரிவு. போர் என்ற சொல்லே யார் வாயிலும் வந்ததில்லை. போர் முடிந்துபோன சமாசாரம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

1950 கோடையில் கொரியாவில் சண்டை மூண்டது. அதே மாதம் என் மாமனார் கஸ்டாவ் தொழுவத்தில் விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. தூக்கி உட்காரவைக்க, திருப்பிப் படுக்கவைக்க நார்வல் வேண்டும். ஆறடி மனிதர், என்னால் அசைக்கக்கூட முடியாது. நான் மூன்று மாதக் கர்ப்பம். அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு குழந்தை வயிற்றிலேயே போனது. இந்தத் தடவை பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாடுகள், கிழவர், நான். மூன்றையும் தாங்கியது ஒரே ஆள்.

படைப்பிரிவை முழுசாக அனுப்பப் போவதில்லை, விமானிகளை மட்டும் பிய்த்து எடுத்து அங்கங்கே காலியான இடங்களில் போடுவார்கள் என்று செய்தி வந்தது. அதற்காகத் தலைமையகத்திலிருந்து ஒரு கர்னல் வருகிறார், வீட்டு நிலைமை மோசமாக இருப்பவர்கள் அவரிடம் சொன்னால் விட்டுவிடுவார் என்றும் ட்வெய்ட் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நார்வலைப் பிடித்துக்கொண்டேன்.

"நார்வல், அவர் கேட்டா நீ சொல்லணும்."

"சொல்றேன்."

"அப்பா படுத்திருக்கார்னு சொல்லணும். நான் இப்படி இருக்கேன்னு சொல்லணும்."

"அதான் சொல்றேங்கிறேனே ஆர்டிஸ். எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? மாட்டை யாரு பாப்பா?"

"அப்ப பிராமிஸ் பண்ணு."

பண்ணினான். பொய்யாகப் பண்ணவில்லை, அது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கர்னல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரெண்டிஸ் என்று பெயர், ஜார்ஜியாக்காரர். உயரமானவர், மெதுவாக, இழுத்து இழுத்துப் பேசுவார். விமானக் கொட்டகையின் பின்பக்கத்தில் நாங்கள் மனைவிமார்கள் நீள மேஜை போட்டு, எங்கள் வழக்கப்படி முட்டை அடித்து ஊற்றிக் கொதிக்கவைத்த காபியும் டோனட்டும் வைத்திருந்தோம். ஹார்லனின் மனைவி லவோன் அவரிடம் போய், "காபி எடுத்துக்கிறீங்களா கர்னல்?" என்று கேட்டாள்.

"தாராளமா! ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடுங்கம்மா" என்றார் உடனே.

லவோன் திரும்பி என் பக்கம் வந்து, "பாத்தியாடி? வாயைத் தொறக்கிறதுக்குள்ள சர்க்கரை வரைக்கும் போயிட்டாரு" என்று கிசுகிசுத்தாள். நாங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அடுத்தாற்போல் அவள் ட்வெய்டைக் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். கேட்டாள், வேண்டாம் என்றார். மூன்றாவதாகக் கேட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தாள். கர்னல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேஜர் வேண்டாம்னுதானே சொன்னாரு? ஏம்மா அவரைப்போட்டுத் தொந்தரவு பண்றீங்க?" என்றார், நல்ல மனசோடுதான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது யாருக்காவது விளக்குவார்களா?

பிறகு விமானிகள் வரிசையாக நின்றார்கள். கர்னல் முதலில் ட்வெய்ட் பக்கம் திரும்பினார்.

"மேஜர், இவ்வளவு பேரை எடுத்துட்டுப் போனா உங்க ஊர் தாங்குமா?"

"சமாளிச்சுக்குவோம் சார்" என்றார் ட்வெய்ட்.

எங்கள் பேச்சில் அதற்கு 'தாங்காது, தயவுசெய்து வேண்டாம்' என்று பொருள். கர்னல் அதை அப்படியே 'சமாளித்துக்கொள்வார்கள்' என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து வரிசையைப் பார்த்துப் பேசினார். "தம்பிகளா, உங்களுக்கு வீடு வாசல் இருக்கு, எனக்குத் தெரியும். யார் வீட்டுலயாவது நோயாளி இருந்தா, குழந்தை பொறக்கிற மாதிரி இருந்தா, ஆளில்லாம வேலை நின்னுபோற மாதிரி இருந்தா, இப்பவே சொல்லுங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல. உங்க இடத்துக்கு வேற ஊர்லேர்ந்து ஆள் இருக்கு, பக்கத்து ஆளை இழுத்துவிட்ட பாவமும் உங்களுக்கு வராது. யாராவது இருக்கீங்களா?"

இதைவிட நன்றாக ஒரு மனிதர் கேட்க முடியாது. எல்லாக் கதவையும் திறந்துவைத்துக் கேட்டார்.

எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். நார்வலின் காது மெல்லச் சிவந்தது. பின்னாலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினான். ஹார்லன் தொண்டையைச் செருமினான். வெர்லின் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். தயாராகிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. முதல் கேள்வி போய்விட்டது, இரண்டாவதும் போகும், மூன்றாவது வரும்போது பேசுவார்கள். கையில் காபிக் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நானும் இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தேன்.

கர்னல் நீண்ட நேரம்தான் நின்றார், அவருடைய கணக்கில். பிறகு அவர் கண் கலங்கியது. சத்தியமாகக் கலங்கியது.

"என் வாழ்நாள்ல இப்படிப்பட்ட ஆளுங்களைப் பாத்ததில்ல. கடவுள் உங்களைக் காப்பாத்துவாரு" என்றார். கையிலிருந்த காகிதக் கட்டை மூடினார்.

அவ்வளவுதான். ராண்டி தடித்த எழுத்தில் போட்டிருக்கும் வாக்கியம் இப்படித்தான் பிறந்தது.

கெட்டிலை லவோன் கையில் திணித்துவிட்டு ட்வெய்டிடம் ஓடினேன். அவர் ஒரு கார்சேரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"மேஜர், மறுபடி கேக்கச் சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்றது? எங்க ஆளுங்க மூணு தடவை கேட்டாத்தான் வாயைத் தொறப்பாங்கன்னா?"

"அதைத்தான்! அதை அப்படியே சொல்லுங்க!"

"ஒரு கர்னல்கிட்டயா?"

"எங்க வீட்டு அடுக்களையில மூணு தடவை கேட்டீங்களே மேஜர், அப்ப உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

அதைச் சொன்னதும் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். திரும்பி நேராகக் கர்னலிடம் போனார். நான் காது கேட்கும் தூரத்தில் நின்றேன்.

"கர்னல், நம்ம பசங்கள்ல ஒருத்தன் ரெண்டு பேருக்கு... வீட்டுல கொஞ்சம்... இருந்தாலும் இருக்கலாம்" என்றார்.

"அப்படியா? யாருன்னு சொல்லுங்க, பாத்துடலாம்."

"குறிப்பா யாரையும் சொல்லல சார். பொதுவாச் சொன்னேன்."

மேஜரும் எங்கள் ஊர்க்காரர்தானே, வேறு எப்படிப் பேசுவார்? அவரையும் யாராவது மூன்று தடவை கேட்க வேண்டும். அந்த இடத்தில் நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன், சுற்றி ஆட்கள் இருந்ததால் அழவில்லை. ட்வெய்ட் தன்னையும் கொரியாவுக்கு எடுத்துக்கொள்ளும்படி அன்றைக்குக் கேட்டார் என்பது பிறகு தெரியவந்தது. மேஜர்கள் போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

கடைசியில் நானே போனேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, பழக்கமில்லாத அதிகாரியிடம், தானாகப் போய், வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வது என்றால் துணியில்லாமல் தெருவில் நடக்கிறமாதிரி. சொன்னேன். மாமனாரைச் சொன்னேன், மாட்டைச் சொன்னேன், வயிற்றைச் சொன்னேன், போன வருஷத்துக் குழந்தையையும் சொன்னேன். கர்னல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார்.

"நீங்க சொல்றதை அப்படியே நம்புறேன்மா. ஆனா அது அவர் வாயால வரணும். மனைவி சொன்னான்னு எழுத எனக்கு அதிகாரமில்ல. கவலைப்படாதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடி நானே போய்க் கேக்கிறேன்."

உயிர் வந்தது. ஆனாலும் விடவில்லை. "கர்னல், ஒரு தடவை கேட்டா அவர் சொல்லமாட்டார். திரும்பத் திரும்பக் கேக்கணும். மூணு தடவை."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தார். "எங்க ஊர்ல, எல்லார் முன்னாடியும் ஒருத்தன் ரெண்டு தடவை வேணாம்னு சொன்ன பிறகு மூணாவது தடவை கேட்டா, அது அவனைக் கோழைன்னு சொல்றமாதிரிம்மா. அந்த அவமானத்தை உங்க வீட்டுக்காரருக்கு நான் செய்யமாட்டேன்."

அவருக்கு மரியாதை தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு மரியாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் வீடு.

நார்வல் எங்கள் டிரக்குக்குப் பக்கத்தில் நின்றான். ஹார்லனும் வெர்லினும் டிரக்கில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வழக்கமாக வாயை மூடாத ஹார்லன்கூட ஒரு கேலியும் பேசவில்லை. நான் நார்வல் கையைப் பிடித்து, "வர்றார். கேக்கப்போறார். சொல்லிடு" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றான்.

அவனைத் தனியாக நகர்த்தியிருக்கலாம். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் கர்னல் மைதானத்தைக் கடந்து நேராக வந்துவிட்டார். ஹார்லனும் வெர்லினும் நிமிர்ந்து சல்யூட் அடித்தார்கள். விலகிப் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள்.

"லெப்டினன்ட் ஸ்லெட்டன், உங்க வீட்டுல கஷ்டம்னு கேள்விப்பட்டேன். நீங்க இங்கயே இருக்கணும்னு தோணுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த இடத்துலயே உங்க பேரை எடுத்துடுறேன். இருக்கீங்களா?"

நார்வலின் காது நெருப்பாகச் சிவந்தது. அவன் உதடு அசைந்தது.

"இல்ல சார். சமாளிச்சுக்குவோம்" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கொடுமை. அவன் எதற்காக அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இது இரண்டாவது தடவை. அடுத்த தடவை சொல்லிவிடுவான். கர்னலைப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் வாய் திறந்த மாதிரி இருந்தது. பிறகு நார்வலின் கையைப் பிடித்துக் குலுக்கினார், எனக்குத் தொப்பியைத் தொட்டார், திரும்பி நடந்தார்.

ஹார்லனும் வெர்லினும் சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள். நானும் நார்வலும் டிரக்கில் ஏறி உட்கார்ந்தோம். அடுத்த வாரமெல்லாம் ட்வெய்ட் எங்கெங்கோ போன் செய்தார், ஸ்லெட்டனிடம் இரண்டு தடவை, சாட்சிகள் முன்னால் கேட்டாகிவிட்டது என்ற பதில்தான் எல்லா இடத்திலிருந்தும் வந்தது. மாமனார் அக்டோபரில் இறந்தார். ஜனவரியில் என் மகள் பிறந்தாள், நார்வல் அவளைப் பார்க்கவில்லை. அதெல்லாம் ராண்டியின் புத்தகத்தில் வேண்டுமானால் வரட்டும். எனக்கு அந்தப் படைப்பிரிவின் வரலாறு அந்த டிரக்குக்குள் முடிந்துவிட்டது.

நார்வல் ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பார்த்தால் கர்னல் தெரிவார். அவன் பார்க்கவில்லை.

"போயிட்டாரா?" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். கர்னல் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, கொஞ்சம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார். ஜீப் ஓடுபாதைப் பக்கம் போனது.

"போயிட்டார்" என்றேன்.

"திரும்பிப் பாத்தாரா?"

"பாத்தார்."

"அப்ப வருவார்" என்றான் நார்வல்.

அவன் வண்டியைக் கிளப்பவில்லை, நானும் கிளப்பச் சொல்லவில்லை. மற்ற வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பால் கறக்கும் நேரம் வந்து, தாண்டியும் போனது. வீட்டில் மாடுகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஓடுபாதையின் அந்தக் கோடியில் கர்னலின் விமானம் உறுமுவது கேட்டது, அது கிளம்பி எங்கள் தலைக்குமேல் ஏறித் தெற்கே போனது. சத்தம் முழுக்கத் தேய்ந்த பிறகுதான் நார்வல் சாவியைத் திருப்பினான்.